காலை அகட்டிய கார்

"விசாலம்! ஓடி வா! இந்தக் கூத்தைப் பார்க்காட்டா ஜன்மம் எடுத்ததே வேஸ்ட்!"

ஜகந்நாதன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிக்காத குறை. கீழே, பம்பாய் மாட்டுங்காவில் அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் கேட்டில், எதிர்வீட்டுத் திருவேங்கடத்தின் பழைய ஃபியட் மாட்டிக்கொண்டு முக்கி முனகிக்கொண்டிருந்தது.

விசாலாக்ஷி கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். "ஏன்னா, சக்கரமெல்லாம் ஏன் இப்படித் துருத்திண்டிருக்கு?"

"ஸ்பேசர்டி! சக்கரம் என்னவோ கம்பெனி சக்கரம்தான். உள்பக்கம் வட்டமா ஒரு இரும்புத் தட்டைக் கொடுத்து வெளியே தள்ளியிருக்கான். வண்டி பயில்வான் மாதிரி காலை அகட்டிண்டு நிக்கணுமாம். பேரன் எடுக்கிற வயசிலே ஷோக்கைப் பாரு!"

கேட்டுத் தூண்களை வண்டி இடிக்காமலிருக்க, அடியில் இரண்டு பக்கமும் முட்டுக்கல் பதித்திருந்தது. நேற்று வரை பக்கத்துக்கு விரலளவு இடம் விட்டு நுழைந்த வண்டி, இன்று சக்கரம் கல்லில் உரசிக் கிறீச்சென்று நின்றுவிட்டது.

திருவேங்கடம் இறங்கினார். கல்லைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். வண்டியைப் பின்னால் எடுத்துத் தெருவிலேயே விட்டார்.

"அசடு! அளந்து பார்க்கத் தெரியலை!" ஜகந்நாதனுக்கு வயிறு குலுங்கியது.

இருவருக்கும் பேச்சு நின்று மூன்று ராமநவமி ஆயிற்று. ஜகந்நாதன் கரைத்த பானகத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "வெல்லத்தைக் கடையிலேயே மறந்துட்டேளா?" என்று கேட்டுவிட்டார் திருவேங்கடம். கட்டடமே சிரித்தது. அதை மன்னிக்க முடியுமா?

சிரித்து முடித்ததும் ஜகந்நாதனுக்குப் பழைய கவலை வந்து உட்கார்ந்துகொண்டது. ஆபீசில் ஆட்குறைப்பு என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முன்ஹாலில் டைப்ரைட்டிங் கிளாஸ் வைத்துத்தான் அடுப்பு எரிந்தது. அதற்கும் மேல்மாடி மீனாட்சியம்மாள், "மண்டைக்குள்ளே ஆணி அடிக்கிறாப்பலே இருக்கு" என்று கட்டடச் சொந்தக்காரர் சேட்டிடம் புகார் செய்துவிட்டாள். மாசக் கடைசிக்குள் மிஷின்களை அப்புறப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். காலி செய்தால் ஊர்க்கோடியில் டோம்பிவிலிதான். அவ்வளவு தூரம் எந்தப் பிள்ளை டைப் அடிக்க வரும்?

போன வாரம் விசாலாக்ஷி மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "பின்னாலே திருவேங்கடம் சேட்கிட்டே வாடகைக்கு எடுத்திருக்கிற கார் ஷெட் இருக்கே. கொஞ்சம் கேட்டுத்தான் பாருங்கோளேன்."

"அவன்கிட்டயா? அவனா தூக்கிக் கொடுத்தாலும் காலாலே தொடமாட்டேன்! டோம்பிவிலி கொசுவுக்கு ரத்தம் கொடுத்தாலும் கொடுப்பேனே தவிர, அவன் ஷெட்டு எனக்கு வேண்டாம்!" மாடிப்படி முழுக்க எதிரொலித்தது.

இப்போது பகவானே வழி விட்டுவிட்டார். முட்டுக்கல்லைப் பார்த்துத் தலையைச் சொறிந்த சேட், "காடி அந்தர் ஆத்தா நஹி? வண்டி உள்ளே போகாது? அப்போ ஷெட் காலி. ஜகந்நாத் பாபு, மிஷின் எல்லாம் உதர் லே ஜாவ், அங்கே கொண்டு போ!" என்றார்.

"பார்த்தியா? சேட் கொடுத்தான், நான் எடுத்துண்டேன். அந்த அசடுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை!" என்று விசாலாக்ஷியிடம் மார் தட்டினார் ஜகந்நாதன்.

திருவேங்கடம் தட்டைக் கழற்றிவிட்டு ஷெட்டைத் திரும்பக் கேட்பாரோ என்று ஒரு பயம் மட்டும் இருந்தது. கட்டடத்தில் பலரும் கழற்றச் சொல்லிப் பார்த்தார்கள்.

"கழட்டறதாவது! நிக்கற அழகைப் பாருங்கோ!" என்றார் திருவேங்கடம்.

அழகு தெருவில் மழையில் நனைந்தது. காக்காய் அதன்மேல் தன் வேலையைக் காட்டியது. காலையில் திருவேங்கடம் வாளியும் துணியுமாக வண்டியைத் தேய்க்கும்போதெல்லாம் ஜகந்நாதன் கிளாஸில் அந்தக் கதையைச் சொல்லுவார். பிள்ளைகள் சிரித்துச் சிரித்துத் தப்பும் தவறுமாக அடித்துத் தள்ளுவார்கள்.

ஒரு சாயங்காலம், தாராவியில் மோட்டார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் வானமாமலை தன் மகளோடு ஷெட்டுக்கு வந்தார்.

"இவ பேராச்சி. மெட்ரிக் பாஸாயிட்டா. டைப்பு படிச்சுக் குடுங்க, சார். திருவேங்கடம் சார்தான் இங்கன சேக்கச் சொன்னாவ."

"அவனா சொன்னான்?" ஜகந்நாதன் நிமிர்ந்தார். "ஓஹோ, அந்தத் தட்டை மாட்டினது நீர்தானா? ஏன்யா, வண்டி கேட்டுக்குள்ளே போகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?"

"சொன்னேம்லா! ஷோக்குக்குன்னா மெல்லிசுத் தட்டே போதும், கனமாப் போட்டா பேரிங்கு தேஞ்சிரும், ஸ்டியரிங்கு இழுக்கும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே! முட்டுக்கல்லு எடவெளியை நூலு புடிச்சு அளந்து கையோட கொண்டாந்திருந்தாவ. மெல்லிசுத் தட்டை மாட்டுனேன். நூலை வச்சுப் பாத்துட்டு, 'இது உள்ளே போயிடுமேய்யா, கல்லிலே இடிக்கிற மாதிரி போடு'ன்னு ஒரே சத்தம்!"

ஜகந்நாதன் நாற்காலியை விட்டு எழுந்தார். "எ... எதுக்காம்?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'வீம்புக்காரன்யா அவன். ஷெட்டை நான் கொடுத்தா வாங்க மாட்டான், சேட் கொடுத்தா வாங்கிப்பான். வண்டி உள்ளே போகலைன்னாத்தான் சேட் கொடுப்பான்'னாவ."

ஜகந்நாதனுக்கு வெட்கத்தில் காது இரண்டும் சுட்டது. வெளியே தூறலில், திருவேங்கடம் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு கார்க் கண்ணாடியிலிருந்த காக்காய் எச்சத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வானமாமலை அவரையும் பார்த்தார், இவரையும் பார்த்தார்.

"ஏன் சார், நீங்க ரெண்டு பேரும் அம்புட்டு சிநேகிதமா?"