மூன்றாவது தம்ளர்

1997இல் இன்பமணி டீச்சர், பள்ளிக் கண்காட்சியில் காட்டுவதற்கு முன் எச்சிலிலிருந்து டி.என்.ஏ. எடுப்பதை வீட்டிலேயே செய்து பார்த்தாள். அவளும் கணவர் அருமைநாயகமும் உப்புத் தண்ணீரைக் கொப்பளித்து, ஆளுக்கொரு கண்ணாடித் தம்ளரில் துப்பினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, யார் வாயும் படாத உப்புத் தண்ணீரை மூன்றாவது தம்ளரில் வைத்தாள். எல்லாவற்றிலும் ஷாம்பு கலந்து, குளிர்ந்த ஸ்பிரிட்டை ஊற்றினாள்.

இரண்டு தம்ளர்களில் டி.என்.ஏ. வெள்ளை நூலாகத் திரண்டது. மூன்றாவதிலும் மெல்லிசாக ஒன்று எழும்பியது.

"இதுல நீ துப்புனியா?"

"இல்லியே. நீங்க?"

"நானும் இல்ல."

தம்ளரை வெந்நீரில் கழுவி மறுபடி செய்தாள். மறுபடியும் எழும்பியது.

"இருந்திருந்தா இப்பம் எட்டாங்கிளாஸ் படிக்கும்," என்றாள் இன்பமணி.

கல்யாணமான வருஷம், வேலை நிரந்தரமாகட்டும் என்று சொல்லி அருமைநாயகம்தான் கருவைக் கலைக்க அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அதற்குப் பிறகு அவர்களுக்குக் குழந்தையே தங்கவில்லை. அந்த நாளைப் பற்றி அவர் ஒருமுறைகூட வாய் திறந்ததில்லை.

தம்ளரைக் கழுவுதொட்டிக்கு எடுத்துப்போனார்.

"கொட்டிராதிய," என்றாள் அவள்.

அவர் அதை மேசையில் வைத்துக் குனிந்தார். "நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றார்.

அவர் பேசப் பேச, அந்த வெள்ளை நூல் பைய அவர் பக்கமாக நகர்ந்து வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது.