கூட்டினால் நூறு

"திரும்பி வந்துடுச்சு மேடம். மூணாவது தடவ!"

ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே நிர்மலா சொல்லிவிட்டாள். கையில் அதே படிவம்.

"இப்ப என்னவாம்?" கனீஸ் பாத்திமா கதவை அகலத் திறந்தாள். காலையிலிருந்தே அவள் காது வாசலில்தான் இருந்தது.

"கட்டுரைக்கு யார் எந்த வேலைய எவ்வளவு செஞ்சாங்கன்னு ஆய்விதழ்காரங்க சதவீதத்துல கேட்டிருந்தாங்கள்ல? ஒவ்வொரு வரியும் கூட்டினா நூறு வரணுமாம். நாம போட்டதுல ஒரு வரி தொண்ணூத்தஞ்சுதான் வருதாம்."

"போன தடவ நூத்தஞ்சு. காலேஜ்ல முப்பது வருஷம் புள்ளியியல் நடத்தினவ நீ. வெளிய சொல்லிடாத!"

நிர்மலா சிரித்துக்கொண்டே எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். அதன் உறையை பாத்திமா அன்று காலைதான் மாற்றியிருந்தாள்.

நோணாங்குப்பம் கழிமுகத்தில் மட்டிச் சிப்பி ஏன் குறைகிறது என்று இருவரும் ஐந்து வருடம் சேர்ந்து ஆராய்ந்த கட்டுரை அது. ஒரே கல்லூரியில் பாத்திமா விலங்கியல், நிர்மலா புள்ளியியல். இப்போது இருவருக்குமே ஓய்வு. பாத்திமாவின் கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் நூரீன் பிரான்சில். முல்லா வீதி வீட்டில் வாரம் முழுவதும் டிவிதான் பேசும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அரியாங்குப்பத்திலிருந்து நிர்மலா, இந்தப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு வருவாள்.

"களப்பணி. உங்களுக்குத் தொண்ணூறு போட்றேன்."

"எனக்கெதுக்குத் தொண்ணூறு?"

"சேத்துல முட்டி வரைக்கும் எறங்கினது யாரு?"

"எறங்கினது நான். தூக்கி விட்டது யாரு?"

"நானும் படகுக்காரரும்."

"அப்ப பாதிப் பாதி போடு."

"கை குடுத்ததுக்கெல்லாம் சதவீதம் கெடையாது மேடம்."

"என் செருப்பு ஒண்ணு சேத்தோட போச்சே, அத எந்த வரியில எழுதறது?"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ஒரு வரிக்கு ஒரு சண்டை, இரண்டு வரிக்கு ஒரு டீ. ஆறு வரியை நிரப்புவதற்குள் மத்தியானமாகிவிட்டது.

"சாப்ட்டுப் போயேன். மீன் கொழம்பு வெச்சிருக்கேன்."

"எனக்கும் சேத்தா வெச்சீங்க?"

"ஒருத்திக்கு அளவா வெக்க எனக்கு இன்னும் வரல."

"எனக்கும்தான். அம்மா போனதுலேருந்து, ஒரு தடவ வெச்சா மூணு நாளைக்கு ஓடுது."

சாப்பிட்டு முடித்ததும் நிர்மலா படிவத்தை நீட்டினாள். "கையெழுத்து போடுங்க. நாளைக்கே ஸ்கேன் பண்ணி அனுப்பிட்றேன்."

பாத்திமா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். கடைசி வரியில் கண் நின்றது. கட்டுரையை எழுதியது: பாத்திமா அறுபது, நிர்மலா ஐம்பது.

நூற்றுப் பத்து.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நிர்மலா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதைச் சொன்னால் ஒரு நொடியில் திருத்திவிடலாம். படிவம் சரியாகிவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை இந்த நாற்காலியில் உட்கார யாருக்கும் ஒரு காரணமும் இருக்காது. சும்மா வா என்று கூப்பிட்டுவிடலாம்தான். முப்பது வருடம் வேலையை மட்டுமே பேசிப் பழகிய வாய்க்கு அது வரவில்லை.

கையெழுத்துப் போட்டாள்.

"எல்லாம் சரியா இருக்கா மேடம்?"

"சரியாத்தான் இருக்கு."

"திரும்பி வந்தா அடுத்த ஞாயித்துக்கெழம வர்றேன்."

"வராமயா இருக்கப் போவுது? நீ போட்ட கணக்காச்சே!"

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை தாண்டும்வரை பாத்திமா வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து, கண்ணாடியை வைக்க மேசை இழுப்பறையைத் திறந்தாள்.

இரண்டு மாதத்துக்கு முன் தபாலில் வந்த ஆய்விதழ் அங்கே இருந்தது. உள்ளே அவர்களுடைய கட்டுரை, இருவர் பெயரோடும் அச்சாகியிருந்தது. கடைசிப் பக்கத்தில் யார் எவ்வளவு செய்தார்கள் என்ற அட்டவணை. முதல் தடவை நிர்மலா நிரப்பி அனுப்பியது அப்படியே இருந்தது. எந்த வரியைக் கூட்டினாலும் சரியாக நூறு.

அதனுடன் வந்த கடிதத்தை பாத்திமா இன்னொரு முறை படித்துவிட்டு இழுப்பறையைப் பூட்டினாள். நிர்மலாவுக்கும் அதே நாளில் ஒரு பிரதி அனுப்பியிருப்பதாக அதில் எழுதியிருந்தது.