வீட்டைக் காலி பண்ணுங்க

நம் ஆளுக்குத் தொழில் திருட்டு. ஆனால் பூட்டை உடைக்கத் தெரியாது, சுவர் ஏறினால் தலை சுற்றும், இருட்டென்றால் பயம். அதனால்தான் கணப்பு அதிகாரி ஆனான்.

குளிர்ப் பிரதேசம். வீட்டுக்கு வீடு கூடத்தில் ஓர் இரும்புக் கணப்பு இருக்கும், விறகை எரித்துக் குளிர் காய்வார்கள். நம் ஆள் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே போவான். கணப்பைச் சுற்றி வந்து 'உச்' கொட்டுவான். இது ஆபத்து, சரி பண்ணுகிற வரைக்கும் வீட்டைக் காலி பண்ணுங்கள், சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்பான். அவர்கள் போனதும் சாவகாசமாக அள்ளிக்கொள்ளலாம். திட்டம் அதுதான்.

நடப்பு வேறு மாதிரி இருந்தது. ஒரு வீட்டில் மூஞ்சியில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டில், இவ்வளவு தெரிந்தவர் நீங்களே சரி பண்ணிவிடுங்கள் என்று கூரைமேல் ஏற்றிவிட்டார்கள். தலை சுற்றச் சுற்றப் புகைபோக்கியைக் குடைந்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை கரியோடு இறங்கியவனுக்குக் கிடைத்த கூலி ஒரு டம்ளர் டீ.

மனைவி தீர்த்துச் சொல்லிவிட்டாள். "இனிமே வெறுங்கையோட வந்தா வாசல்லயே நின்னுக்கோ."

ஆகவே இன்று இந்த மாடி வீட்டின் அழைப்புமணியை அழுத்துவதற்குமுன் கழுத்து அட்டையை இரண்டு தடவை நேராக்கிக்கொண்டான். வாசலில் ஒரு வேன் நின்றது. வசதியான இடம்தான்.

கதவு திறக்க நேரமானது. கம்பளிக் கையுறை போட்ட ஒருவர் எட்டிப் பார்த்தார், பின்னாலேயே ஒரு பெண். அட்டையைப் பார்த்ததும் இருவர் முகமும் வெளுத்துவிட்டது. அதிகாரி என்றால் இப்படியல்லவா மரியாதை இருக்கவேண்டும் என்று நம் ஆளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கணப்பைச் சோதிக்கத்தான் வந்தேன் என்றான். உள்ளே விட்டார்கள்.

கூடம் ஐஸ்பெட்டியாக இருந்தது. இந்தக் குளிரில் ஏன் பற்றவைக்கவில்லை என்று கேட்டான்.

"பயமா இருக்கு சார்" என்றார் கையுறைக்காரர்.

நம் ஆளுக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது. பாதி வேலை தானாகவே முடிந்துவிட்டதே! மனப்பாடம் செய்ததை எடுத்துவிட்டான். கணப்பு பலகைச் சுவரை ஒட்டிக்கொண்டு நிற்கிறது, சூடேறிச் சூடேறி ஒருநாள் சுவரே பற்றிக்கொள்ளும். அடியில் கல் பதிக்கவில்லை, ஒரு பொறி தெறித்தால் மரத்தரை அவ்வளவுதான். குழாய் இணைப்பில் இடைவெளி, அது வழியாகக் கசியும் விஷவாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூங்கினால் தூங்கியதுதான். வேடிக்கை என்னவென்றால், அத்தனையும் நிஜம். இந்த வீட்டில் பொய் சொல்லவே தேவைப்படவில்லை.

"கடைசியா எப்பப் புகைபோக்கியைச் சுத்தம் பண்ணீங்க?"

"போன மாசம்" என்றார் அவர்.

"பண்ணவே இல்ல" என்றாள் அவள், அதே மூச்சில்.

புருஷன் பெண்டாட்டி என்றால் எங்கேயும் இதே கதைதான் என்று நம் ஆள் தன் வீட்டை நினைத்துக்கொண்டான். கணப்பின்மேல் 'யாரும் தொடக்கூடாது' என்று சிவப்புச் சீட்டு எழுதி ஒட்டினான். பிறகு தொண்டையைச் செருமி, இன்றைக்கே வீட்டைக் காலி பண்ணவேண்டும் என்றான்.

"நாங்களும் அதைத்தான் சார் நினைச்சிட்டிருந்தோம்" என்றாள் அவள்.

இப்படியும் தங்கமான மனிதர்கள் இருப்பார்களா! இருவரும் மாடிக்கு ஓடினார்கள். பெட்டி பெட்டியாக இறங்கியது. தனக்கு ஏதாவது மிஞ்சவேண்டுமே என்று நம் ஆள் பதறி, மாற்றுத்துணி இருந்தால் போதும் என்றான். எல்லாம் கம்பளிதான், குளிர் தாங்காது என்றார்கள். சீக்கிரம் கிளம்பித் தொலையட்டும் என்று அவனே தோள் கொடுத்துத் தூக்கினான். கம்பளி இவ்வளவு கனக்குமா என்று முதுகு கேட்டது. அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எதிர்வீட்டுப் பெரியவர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, என்ன விஷயம் என்று விசாரித்தார். அந்தப் பெண் சால்வையை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். நம் ஆள் அட்டையைத் தூக்கிக் காட்டினான்.

"கணப்பு ஆபத்து. வீட்டைக் காலி பண்ணிட்டிருக்கேன். நீங்க உள்ள போங்க."

பெரியவர் பயந்துபோய் உள்ளே ஓடினார். வேனின் பின்கதவு மூடிக்கொள்ள மறுத்தது. நம் ஆள்தான் முதுகைக் கொடுத்துத் தள்ளி மூடினான். கையுறைக்காரர் கேட்காமலேயே, கதவோரம் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். இப்படி ஓர் அதிகாரியைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். நம் ஆளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

தெருமுனைக் கடையில் டீ குடித்தபடி மனைவிக்கு போன் போட்டான். இன்றைக்கு வெறுங்கை இல்லை என்றான்.

சாயங்காலம் திரும்பி வந்து, ராஜா மாதிரி கதவைத் திறந்தான். மாடியில் அலமாரிகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. சமையலறையில் ஒரு கரண்டிகூட இல்லை. விலைபோகிற மாதிரி வீடு முழுக்க மிஞ்சியிருந்தது கணப்பு ஒன்றுதான். அதைத்தான் யாரும் தொடக்கூடாது என்று அவனே எழுதி ஒட்டியிருந்தானே.

வாசலில் கார் வந்து நின்றது. எதிர்வீட்டுப் பெரியவர் முதலில் வந்தார். அவர் பின்னால், பயணப் பையும் கையுமாக முன்பின் தெரியாத ஒரு தம்பதி. அவர்களுக்கும் பின்னால் ஒரு போலீஸ்காரர்.

"எங்க கணப்பு ஆபத்துன்னு யாரோ அதிகாரி சொன்னதா இவர் போன் பண்ணினாரு" என்றாள் அந்த அம்மாள். "நாங்க பொண்ணு வீட்டுக்குப் போய் ஒரு வாரமாச்சு. நீங்க யாரைக் காலி பண்ணச் சொன்னீங்க? எங்க வீட்டுச் சாவி உங்க கையில எப்படி வந்துச்சு?"

நம் ஆள் தன் கையைப் பார்த்தான். வெறுங்கை இல்லைதான்.

பெட்டிகளை ஏற்றி அனுப்பியது இந்த ஆள்தானா, நன்றாகத் தெரியுமா என்று போலீஸ்காரர் பெரியவரைக் கேட்டார்.

"இதுல என்ன சார் சந்தேகம்? 'வீட்டைக் காலி பண்ணிட்டிருக்கேன், நீங்க உள்ள போங்க'ன்னு இவர் வாயாலயே சொன்னாரே!"