பெயர் நீக்கம்

தப்பு என்று சிவப்பில் காட்டியது கம்ப்யூட்டர்.

அவள் கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். அவர் போனில் சொன்ன ஆறு எண்களும் வரிசை மாறாமல்தான் இருந்தன. இ-சேவை மையத்துப் பெண்ணும் அதைப் பார்த்துத்தான் அடித்தாள்.

"ரெண்டு தடவ தப்பாயிட்டுக்கா. இன்னொரு தடவ தப்பாச்சுன்னா லாக் ஆயிரும். பெறவு நாளைக்குத்தான்."

அடக் கடவுளே, இதென்ன கூத்து!

விவாகரத்து ஆகி நாலு மாதம். இருவருமாகச் சேர்ந்து மனுக் கொடுத்து, ஆறு மாதம் காத்திருந்து, முழுமனதோடுதானே என்று நீதிபதி கேட்டதற்கு இருவருமே ஆமாம் என்று சொல்லி வாங்கிய தீர்ப்பு. ஏன் பிரிந்தீர்கள் என்று கேட்டால் இருவருக்குமே கோர்வையாகச் சொல்லத் தெரியாது. ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். நகை, பண்டபாத்திரம், பீரோ எல்லாம் பிரித்தாயிற்று.

ரேஷன் கார்டு மட்டும் பாக்கி.

அதில் அவள் இன்னும் சங்கரபாண்டியின் மனைவி. அங்கே பெயரை எடுத்தால்தான் அவளுக்கென்று ஒரு கார்டு. அது வந்தால்தான் கேஸ் சிலிண்டர், தனி வீடு எல்லாம். அக்கா வீட்டு மூலையில் எத்தனை நாள்தான் கிடப்பது?

கார்டில் இருப்பதோ அவர் செல் நம்பர். ஓடிபி அங்கேதான் போகும். நம்பரை மாற்றலாமே என்றால், அதற்கான ஓடிபியும் அங்கேதான் போகுமாம். இந்த வம்பை எங்கே போய்ச் சொல்ல!

அதனால்தான் கூப்பிட்டாள். நாலு மாதத்தில் முதல் பேச்சு.

"எழுதிக்கிடு," என்று ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சொன்னார். குரல் தெளிவாகக் கேட்டது.

இரண்டு முறையும் தப்பு.

அங்கேதான் அவளுக்குக் குழம்பியது.

வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீட்டர் பார்த்து எழுதுகிற மனுஷன். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு எண் பிசகியதில்லை. கல்யாண வீட்டுக்குப் போனாலும், பந்திக்குப் போகிற வழியில் மீட்டர் பெட்டியைக் கண்டால் நின்று வாய்க்குள் படித்துவிட்டுத்தான் இலையில் உட்காருவார். அவளே எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள்.

அவருக்கா ஆறு எண் தப்பும்?

வேண்டுமென்றேதான் சொல்கிறாரா? அப்படியானால் கோர்ட்டில் ஆமாம் என்றது யாராம்? இல்லை, கண்தான் மங்கிவிட்டதா? கண்ணாடியை மாற்றுங்கள் என்று போன வருஷமே சொன்னாளே.

கோபம் வந்தது. கோபத்தின் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. அது என்னவென்று அவளுக்குப் பிடிபடவில்லை.

மூன்றாவது முறை கூப்பிட்டாள்.

"இப்ப ஒண்ணு வந்திருக்கும். பாத்துச் சொல்லுங்க. இதுதான் கடைசி."

எந்தத் தெருவில் நிற்கிறாரோ, அந்தப் பக்கம் ஒரு நாய் குரைத்தது.

"நாலு. ஒன்பது. ஒன்பது. ரெண்டு. ஆறு."

நின்றார்.

"மூணு."

பிறகு, "இது சரியான நம்பர்தான், கோமதி," என்றார்.

அப்படியானால் முந்தைய இரண்டும்?

நாக்கு வரை வந்துவிட்டது. அவள் கேட்கவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்கவும் இல்லை. இந்த முறை எதையும் சீட்டில் எழுதியிருக்கவும் இல்லை.

"சொல்லுங்கக்கா," என்றாள் மையத்துப் பெண்.

"நாலு," என்றாள். "ஒன்பது. ஒன்பது. ரெண்டு. ஆறு."

அந்தப் பெண்ணின் விரல் காத்திருந்தது.

"ஏழு."

சிவப்பு.

"லாக் ஆயிட்டுக்கா! என்னத்தப் பாத்துச் சொல்லுதாரோ அந்த மனுசன்."

ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

அவர் இன்னும் லைனில்தான் இருந்தார். ஏழு என்றது அவருக்கும் கேட்டிருக்கும்.

"நாளைக்கும் வருவேன்," என்றாள். "போனப் பக்கத்துலயே வச்சிருங்க."