கோன் பர்கர், இன்றே கடைசி

"ஐஸ்கிரீம் கோன்ல கோழியா? கடிச்ச உடனே சாஸ் எல்லாம் சட்டையில ஒழுகும்" என்றார் வரிசையில் முன்னால் நின்ற டை கட்டிய ஆள்.

"ஒழுகாது" என்றாள் பின்னால் நின்ற தையற்காரம்மா.

யாரிடமோ சொன்னதற்கு யாரோ பதில் சொல்கிறார்களே என்று அவர் திரும்பிப் பார்த்தார்.

"அடியில சீஸை உருக்கி அடைச்சிருக்கு. எவ்வளவு நேரம் கையில வச்சிருந்தாலும் ஒரு சொட்டு இறங்காது. செஞ்சது என் மருமக."

வாயை விட்டுப் போன சொல். இனி பிடித்து உள்ளே போட முடியாது.

பர்கர் கடையின் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த படத்தில், ஆள் உயரத்துக்கு நின்றது அந்தக் கோன். உள்ளே பொரித்த கோழி, வெங்காயம், காரச் சாஸ். குறுக்கே சிவப்பில் 'இன்றே கடைசி' என்று எழுதியிருந்தார்கள். மாதம் முழுக்க எதிர்ச்சாரியிலிருந்து அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவள், இன்று கத்தரிக்கோலைப் போட்டது போட்டபடி கடையைப் பூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"நிஜமாவாம்மா? உங்க மருமகளா?" என்றாள் கல்லாவில் நின்ற பெண்.

அவ்வளவுதான், தையற்காரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

இந்தக் கடையை நடத்தும் கம்பெனியின் தலைமைச் சமையலறையில் மருமகளுக்கு வேலை. புதுப் பண்டம் யோசிப்பதற்குச் சம்பளம். முட்டை வேகவைத்தால் உடைத்துவிடுவாள், இவளுக்கா அந்த வேலை என்று சொந்தக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் எதையும் காதில் வாங்கவில்லை. லீவு நாளானால் வீட்டு அடுப்படியில் கோன் சுடுவாள். ஒன்று கருகும், ஒன்று நொறுங்கும், ஒன்று எடுத்த கையோடு ஒட்டிக்கொண்டு வரும். அடுப்படி போர்க்களமாகிவிடும். தின்று பார்த்துச் சொல்ல வேண்டிய வேலை மாமியாருக்கு.

"நல்லா இல்லேன்னா முகத்துக்கு நேரா சொல்லிடுவேன். அழவும் மாட்டா, அசரவும் மாட்டா. மறுபடி மாவைக் கரைப்பா" என்றாள் தையற்காரம்மா.

வரிசை சிரித்தது. பின்னாலிருந்தவர்கள் கழுத்தை நீட்டிக் கேட்டார்கள். டை கட்டியவர் வாங்கி, ஓரமாக நின்று கடித்தார். சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். ஒன்றும் ஒழுகவில்லை. திரும்பி வந்து இன்னொன்று கேட்டார்.

தையற்காரம்மாவின் கால் தரையில் பாவவில்லை.

"அவங்களுக்கு ஒரு போன் போடுங்கம்மா, நாங்களும் வாழ்த்துச் சொல்றோம்" என்றாள் கல்லாப் பெண்.

"ஆமா, போடுங்க" என்றது வரிசை.

கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். 'மருமக' என்ற பெயரில்தான் எண் இன்னும் இருந்தது.

விரல் அங்கேயே நின்றது.

மகனுக்கும் அவளுக்கும் ஒத்துவராமல், கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கமாகப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அடிதடி இல்லை, வசவு இல்லை. ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். பெற்றவர்கள் என்ன செய்ய முடியும்? அவர்கள் இரண்டு பேரும் பிரிந்தார்கள், சரி. தன்னை யார் பிரித்தது என்றுதான் தையற்காரம்மாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை. கூப்பிட நினைத்த போதெல்லாம், எந்த உரிமையில் கூப்பிடுவது என்று கை பின்வாங்கிவிடும். கடைக்குத் துணி கொடுக்க வந்த ஒருத்திதான் போனில் வீடியோ காட்டினாள். வெள்ளைத் தொப்பியோடு, கையில் கோனைப் பிடித்துக்கொண்டு அதில் சிரித்தாள் மருமகள். இளைத்துப் போயிருந்தாள்.

வரிசை முழுக்கத் தையற்காரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

அழுத்திவிட்டாள்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. 'எடுக்காட்டி எடுக்காம போகட்டும், அவ வேலையா இருக்கான்னு சொல்லிக்கலாம்' என்று மனசுக்குள் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டாள்.

மணி நின்றது. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"நான்தாம்மா" என்றாள் தையற்காரம்மா. "இங்க வரிசை தெருவரைக்கும் நிக்குது. எல்லாம் உன்னோடதை வாங்கத்தான்."

அந்தப் பக்கத்திலிருந்து மெல்ல ஏதோ கேட்டது.

தையற்காரம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன சொல்றாங்க?" என்றார் டை கட்டியவர், வாயில் கோனோடு.

"'நீங்க சாப்பிட்டீங்களா அத்தை'ன்னு கேக்குறா" என்றாள் அவள், கடைசியில் நிற்பவருக்கும் கேட்கும்படி.