எட்டுப் பேர், ஏழு தொப்பி

"என்னம்மா மார்லீன், மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்கீங்க? சாவு வீட்டுக்கா வந்திருக்கோம்?"

கார்டன் டீடமன் இப்படிக் கேட்டதும் மேஜையைச் சுற்றியிருந்த மற்ற ஆறு பேரும் சிரித்தார்கள். எல்லாருமே கல்லூரித் தலைவர்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு ஹோட்டல் அறை. எட்டுக் கல்லூரிகளும் சேர்ந்து ஆடும் வாலிபால் லீக்கின் கடைசிக் கூட்டம் என்று சொல்லித்தான் கூட்டியிருந்தார்கள்.

"லீக்கையே புதைக்கப் போறீங்க. அப்ப சாவு வீடுதானே?" என்றார் பிளம் கிரீக் கல்லூரித் தலைவர் மார்லீன் வோசிகா.

"புதைக்கல, கலைக்கிறோம். லீக் உயிரோட இருந்தா, ஒப்பந்தப்படி இன்னும் ரெண்டு சீசன் இங்கேயே ஆடிட்டுத்தான் வெளிய போக முடியும். கலைச்சிட்டா யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவங்க இல்ல. நாளைக்கே பெரிய லீக்ல போய் சேர்ந்துடலாம்."

"நீங்க சேர்ந்துடுவீங்க. எங்க பொண்ணுங்க யாரோட ஆடுவாங்க?"

பெரிய லீக் ஏழு கல்லூரிகளை அழைத்திருந்தது. விட்டுப்போன ஒரே கல்லூரி பிளம் கிரீக்.

இரண்டே தெருக்கள் உள்ள ஊர்தான். ஆனால் வாலிபால் ஆட்டம் என்றால் கடைகளைப் பூட்டிவிட்டு ஊரே ஜிம்முக்கு வந்துவிடும். வாசலில் சில்லி என்கிற சூடான பீன்ஸ், இறைச்சிக் குழம்புக்கும் பட்டை மணக்கும் இனிப்பு ரோலுக்கும் வரிசை நிற்கும். சோளக்காட்டு வீடுகளிலிருந்து வந்த பெண்கள் பந்தை அடித்தால் எதிரணிக்குக் கை எரியும். லீக் போனால் ஆட்டம் போகும். ஆட்டம் போனால் அந்தப் பெண்களும் வேறு கல்லூரி தேடிப் போய்விடுவார்கள்.

"அந்த ஊரை யார் கூப்பிடுவா?" என்றார் கார்டன். "பஸ் நிறுத்த ஒரு இடம் உண்டா? மாட்டுத் தீவனக் கடைக்குப் பின்னால நிறுத்தணும். சாணி மிதிக்காம நான் உங்க ஜிம்முக்குள்ள வந்ததே கிடையாது!"

"அந்த சாணியை மிதிச்சுட்டு வந்த உங்க டீம், எங்க ஜிம்ல கடைசியா எப்ப ஜெயிச்சுது, கார்டன்?"

யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். கார்டனின் காது சிவந்தது.

ஏழு பேர் முன்னாலும் ஆளுக்கொரு நீலத் தொப்பி இருந்தது. பெரிய லீக் அனுப்பியது. ஒரு கல்லூரி லீக் மாறினால், அதன் தலைவர் புதுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அப்போதுதான் ஊர் நம்பும். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கல்லூரித் தலைவர், காலையில் வேறு லீக்கின் தொப்பியைப் போட்டுவிட்டு மத்தியானம் கூசாமல் இங்கே ஓட்டுப் போட வந்தார். 'துரோகி!' என்று மேஜையைத் தட்டிக் கத்தியது இதே கார்டன்தான். மார்லீன் அதையெல்லாம் இப்போது கிளறவில்லை.

குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஓட்டுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். "அப்புறம் ஆளுக்கொரு பக்கம் ஓடிடுவீங்க. இவ்வளவு வருஷம் ஒண்ணா ஆடியிருக்கோம். தொப்பியோடவே நில்லுங்க, பார்க்க நல்லா இருக்கும்."

கார்டனுக்கே மனசு இளகிவிட்டது. "பாவம், ஆசைப்படறாங்க. போடுங்கப்பா தொப்பியை!"

காபி கொண்டுவந்த பெண் மார்லீனின் போனில் படம் எடுத்துக் கொடுத்தாள். ஏழு நீலத் தொப்பிகள். நடுவில் மார்லீனின் வெறும் நரைத்த தலை.

"அட, நான் ஜோரா விழுந்திருக்கேனே! எனக்கு அனுப்புங்க மார்லீன். எங்க ஊர்க்காரங்க காலையிலேருந்து நச்சரிக்கிறாங்க."

படம் வந்ததும் கார்டன் அதைத் தன் கல்லூரிப் பக்கத்தில் போட்டார். 'பெரிய லீக்குக்குப் போகிறோம்!' என்று மேலே ஒரு வரி. ஒருவர் போட்டால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? மற்ற ஆறு பேரும் போட்டி போட்டுக்கொண்டு போட்டார்கள்.

மேஜை ஓரத்தில் குறிப்பெழுதிக்கொண்டிருந்த லீக் செயலாளர் லைல் ப்ரூனிங் எழுந்தார்.

"லீக்கைக் கலைக்கலாம்ங்கிறவங்க கை தூக்குங்க."

ஏழு கைகள்.

"கூடாதுங்கிறவங்க?"

மார்லீன் நிமிர்ந்து உட்கார்ந்து கையை உயர்த்தினார். இறுதி ஆட்டத்தில் தன் பெண்கள் கடைசிப் புள்ளியை அடிக்கும்போது வருகிற அதே பெருமிதம் அவர் முகத்தில் இருந்தது.

லைல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "கலைக்கலாம், ஒருத்தரும் இல்ல. கூடாது, ஒண்ணு. லீக் தொடருது."

"என்ன லைல், கண்ணு தெரியலையா? ஏழு கை இருக்கு!"

"கை இருக்கு கார்டன், ஓட்டு இல்ல. வேற லீக்கோட தொப்பியை ஊரறியப் போட்டா அந்த நிமிஷமே ஓட்டுரிமை போயிடும், ஆனா ரெண்டு சீசன் ஆடியே தீரணும். அன்னிக்கு மேஜையைத் தட்டி நீங்க சேர்க்க வெச்ச விதிதான்."

கார்டன் அவசர அவசரமாகத் தொப்பியைப் பிடுங்கினார்.

"கழட்டாதீங்க, நல்லாத்தான் இருக்கு" என்றபடி மார்லீன் எழுந்தார். "சீசனோட முதல் ஆட்டம் எங்க ஜிம்லதான். பஸ்ஸை எங்க நிறுத்தணும்னு உங்களுக்குத் தெரியுமே, கார்டன்?"