ஜானு சொன்ன ஊர்

மறுநாள் காலையில் ரயில் பாஸுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஜானு இன்னும் ஊரைச் சொல்லவில்லை.

தரையில் ரயில்வே மேப்பை விரித்துவைத்து அப்பனும் மகளும் அதன் மேல் குனிந்திருந்தார்கள். நான் பக்கத்தில் முறத்தோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினேன்.

என் வீட்டுக்காரர் கபாலி, பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே எலெக்ட்ரிக் ரயில் ஓட்டுகிறவர். முதல் வண்டி டூட்டி என்றால் விடிவதற்கு முன்பே போய்விடுவார். கடைசி வண்டி என்றால் ஜானு தூங்கிய பிறகு வருவார். அப்பா தூங்குகிறார், சத்தம் போடாதே என்று சொல்லிச் சொல்லியே அவளை வளர்த்தேன்.

வேலையில் இந்த மனுஷன் தாம்பரத்தைத் தாண்டியதில்லை. ஆனால் ரயில்வேக்காரர் குடும்பத்துக்கு வருஷா வருஷம் இலவச பாஸ் உண்டு. தண்டவாளம் போகிற ஊருக்கெல்லாம் போய் வரலாம். அந்தப் புண்ணியத்தில், மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் ஒண்டுக் குடித்தனத்தில் இருக்கிற நாங்கள் பாதி இந்தியாவைப் பார்த்துவிட்டோம். எதிர் வீட்டு வக்கீல் குடும்பம்கூடத் திருப்பதியைத் தாண்டியதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

இந்தத் தடவை பாஸ்தான் வேறு மாதிரி. தை பிறந்தால் ஜானுவுக்குக் கல்யாணம். கல்யாணம் ஆகும் வரைதான் மகள் பெயர் அப்பன் பாஸில் இருக்கும். கழுத்தில் தாலி ஏறினால் பாஸிலிருந்து பெயர் இறங்கிவிடும். ரயில்வே சட்டம் அது, யாரிடம் போய் முறையிடுவது?

அதனால் இந்த முறை அவள் சொல்கிற ஊர்தான் என்று இவர் முடிவாகச் சொல்லிவிட்டார். எனக்குக் காசிக்குப் போக ஆசை. வாயைத் திறக்கவில்லை.

இத்தனைக்கும் மாப்பிள்ளை வீடு கிண்டியில். நடுவில் சைதாப்பேட்டை ஒன்றுதான். இவர் ஓட்டுகிற வண்டி தினமும் அங்கே நின்றுதான் போகப் போகிறது. பெண்ணை என்னவோ சீமைக்கு அனுப்புகிற மாதிரி, ஒரு மாதமாக இவருக்குச் சோறு இறங்கவில்லை.

மேப் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் பழைய ஆள் ஆகிவிடுவார். இது தேசமே இல்லை, கண்டம் என்பார். ஜம்மு வரைக்கும் இப்போது புதிதாக ரயில் விட்டிருக்கிறார்கள், அங்கிருந்து பஸ் ஏறினால் காஷ்மீர், ஏரியிலேயே படகு வீட்டில் குடியிருக்கலாம் என்றார். டார்ஜிலிங்கில் ரயில் கடைத்தெருவுக்குள் நுழைந்து போகுமாம், கை நீட்டினால் வாழைப்பழம் வாங்கலாமாம். ஜெய்சல்மரில் இறங்கினால் கண்ணுக்கு எட்டிய வரை மணலாம். துவாரகையில் சூரியன் கடலுக்குள் இறங்குமாம். மெரினாவிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அது என்ன தெரியும் என்று கேட்டார்.

அவர் சொல்லச் சொல்ல என் கை நின்றுவிட்டது. போய்ப் பார்ப்பதைவிட, இவர் சொல்லிக் கேட்பது எனக்குச் சுகம். எந்த ஊரையும் இவர் மட்டமாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஆனால் இதையெல்லாம் யாரிடம் சொல்கிறார்? ஜானுவுக்கு ஊர் பார்க்கவே தெரியாது.

ஆக்ராவில் தாஜ்மஹால் எதிரே நின்றுகொண்டு, திரும்பிப் போகிற வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டவள் அவள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று அங்கேயே திட்டினேன். ரயிலில் ஜன்னலோர இடம் கொடுத்தால் எனக்குத் தள்ளிவிடுவாள். இவர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள். சீட்டுக்கட்டு, வேர்க்கடலை, ஊர்ப்பட்ட கதை. பெஜவாடாவில் கிருஷ்ணா நதிப் பாலமே வந்தாலும் தலையைத் தூக்கமாட்டாள்.

அப்படிப்பட்டவளுக்குக் கடைசி பாஸ். பாழாகப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

ஜானு மேப்பில் விரலை வைத்தாள். விரல் மெட்ராஸிலிருந்து கடற்கரையோரமாகவே மேலே போனது. பூரியில் நிற்கவில்லை. கல்கத்தாவில் நிற்கவில்லை. டார்ஜிலிங் பக்கம் போனதும் இவர் முகம் மலர்ந்தது. விரல் அதையும் விட்டுவிட்டுக் கிழக்கே அஸ்ஸாமுக்குள் நுழைந்து, கோடு முடிகிற இடத்தில் போய் நின்றது.

லெடோ என்று போட்டிருந்தது.

இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஊருக்கு யாரும் பாஸ் கேட்டு இவர் கேள்விப்பட்டதே இல்லையாம். ஹவுராவில் மாற வேண்டும், அப்புறம் தண்டவாளம் குறுகலான சின்ன லைனுக்கு மாற வேண்டும், காடும் மலையுமாக வண்டி ஊர்ந்துகொண்டே போகும், போதும் போதும் என்றாகிவிடும் என்றார்.

"அங்க இன்னாம்மா கீது? வெறும் நிலக்கரிதான் கீது."

ஜானு விரலை எடுக்கவில்லை. நிமிரவும் இல்லை.

"இல்லாட்டிப் போவுது நைனா. அங்க போய்ச் சேரத்தான் ரொம்ப நாளாவும்."

இவர் சிரிப்பு அப்படியே நின்றது.

எனக்குப் பெருமையாக இருந்தது. இத்தனை வருஷமாக இவளையா ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்தேன்?

இவர் எழுந்து போய் டைம்டேபிளை எடுத்து வந்தார். விளக்குக்குக் கீழே உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். சர்வீஸில் ஒரு நாளும் வண்டியைத் தாமதமாக ஓட்டியதில்லை என்று பெயர் வாங்கிய மனுஷன். மெயிலையும் எக்ஸ்பிரஸையும் தள்ளிவிட்டு, எல்லா ஸ்டேஷனிலும் நின்று நின்று போகிற பாசஞ்சர் வண்டிகளாகத் தேடிக்கொண்டிருந்தார்.